ஊருக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர்

தணிகை மலையேறி வரும் அன்பர்கள் முருகனிடம் வேண்டும் வரங்களுள் முதன்மையானது தேக ஆரோக்கியமேயாகும். அருணகிரிநாதர் இத்தலத்தில் அருளிய திருப்புகழ்களுள் ஒன்று இருமல், வாதம், நீரிழிவு, தலைவலி, சோகை என்று நோய்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தி, அவை தம்மை அணுகாதிருக்க விண்ணப்பம் செய்கிறது. நோயுற்றோர் இல்லங்களில் இன்றும் பக்தர்கள் அப்பாடலை ஓதி வருகின்றனர். அப்பக்தியை நாம் போற்றுகிறோம். ஆயினும், அவ்வரிசையில் உள்ள நோய்களுள் எத்தனை விதியால் வந்தவை, எத்தனை நமது வீதியால் வந்தவை என்று கேட்டுப் பார்க்கும் கடமை நமக்கு உண்டல்லவா? வீதியின் அகலமும், வீட்டின் சாளரமும், குளத்தின் நிலையும், மரத்தின் நிழலும் மனிதனுடைய ஆயுளைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை என்னும் உண்மையை நம் தமிழ்நாட்டு ஊர்களின் சந்துபொந்துகளில் நடந்து நடந்து கண்டு, நமது சர்க்காருக்கும் நகரசபைகளுக்கும் எடுத்துரைத்தவர் ஓர் அயல்நாட்டார். பாட்ரிக் கெடிஸ் என்பது அவர் பெயர். ஊர்த்தொண்டில் ஈடுபட்டோர் அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் நலம் என்று கருதி அதனைச் சுருக்கமாகக் கூறுவோம்.

கெடிஸ் 1854-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்து தேசத்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெர்த் நகரத்தின் அருகே, தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டில் வளர்ந்தார். அவர் பிறந்த அதே வருஷத்தில்தான் லண்டனில் ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர், ஒரு வீதியில் விஷபேதியால் மாண்டவர்களின் வீடுகளைப் படத்தில் குறித்து, நோயின் பிறப்பிடம் அவ்வீதியின் குடிநீர்க் குழாயே என்று கண்டறிந்தார். காற்றில் வரும் துர்நாற்றமே காரணம் என்று பண்டிதர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. நோய் ஒரு மனிதனுடைய உடலில் மட்டும் இருப்பதன்று, ஊரின் அமைப்பிலும் இருக்கிறது என்னும் கொள்கை அன்று உறுதிப்பட்டது. அதே காலத்தில் பாரிஸ் நகரில் ஹௌஸ்மன் என்னும் அதிகாரி, பழைய வீதிகளை நூல் பிடித்தாற்போல் இடித்துத் தள்ளி அகன்ற ராஜபாட்டைகளை அமைத்துக்கொண்டிருந்தார். நோயைத் தேடிக் காண்பது ஒரு வழி. ஊரையே வெட்டித் திறப்பது மற்றொரு வழி. கெடிஸ் பிற்காலத்தில் இவ்விரண்டு வழிகளுக்கும் இடையில் நின்று வாதாட வேண்டியவரானார்.

இளமையில் எடின்பரோ சர்வகலாசாலையில் சேர்ந்த அவர் ஒரு வாரத்திலேயே அதை விட்டு வெளியேறினார். லண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் ஜீவ சாஸ்திரம் பயின்றார். பட்டம் ஒன்றும் பெறவில்லை. பட்டம் பெறாத அவரே பின்னர் டண்டீ கலாசாலையில் தாவர சாஸ்திரப் பேராசிரியராக 30 வருஷங்களுக்கு மேல் விளங்கினார் என்பதை, பட்டங்களை எண்ணியே மனிதரை மதிக்கும் நம்மவர் கவனிக்க வேண்டும். 1879-ஆம் வருஷம் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ சென்றிருந்தபோது அவருடைய கண்பார்வை மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டது, ஆனால் நுண்பெருக்கிக் கண்ணாடியில் உற்று நோக்கும் வேலைக்கு அக்கண்கள் இனி உதவா என்று ஆயிற்று. சிற்றுயிர்களைப் பார்க்க முடியாதவர் பேருயிரைப் பார்க்கத் தொடங்கினார். அப்பேருயிர்தான் நகரம்.

1886-ஆம் வருஷம் அன்னா மார்ட்டன் என்னும் மாதரசியை மணந்தார். மணமக்கள் குடிபுகுந்த இடம் யாவரும் வியக்கத்தக்கது. எடின்பரோவின் பழைய நகரில், செல்வர்கள் கைவிட்டுச் சென்ற உயர்ந்த அடுக்கு மாளிகைகளில் ஏழை மக்கள் அறைக்கு ஒரு குடும்பமாக நெருங்கி வாழ்ந்தனர். வெளிச்சமில்லை, காற்றில்லை, கழிவுநீருக்கு வழியில்லை. அத்தகைய ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில் கெடிஸ் தம்பதிகள் வீடு எடுத்தனர். அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். சாளரங்களில் பூச்செடி வைத்தனர். இடிந்து கிடந்த மூலைகளைச் சிறு தோட்டங்களாக்கினர். மேடையில் நின்று உபதேசம் செய்வதை விட்டு, நோயுள்ள இடத்திலேயே குடியிருந்து அதைத் திருத்த முற்பட்டதுதான் அவர்களுடைய சிறப்பு. 1892-ஆம் வருஷத்தில் கோட்டைக்கு அருகிலிருந்த ஓர் உயர்ந்த கட்டடத்தை வாங்கி, ஊர் முழுவதையும் மேலிருந்து பார்த்து ஆராயும் நோக்குக் கோபுரமாக அதனை அமைத்தார்.

ஜீவ சாஸ்திரத்திலிருந்து அவர் கொண்டுவந்த கொள்கை எளியது. ஒரு செடியை அறிய அது வேரூன்றிய மண்ணை அறிய வேண்டும். அவ்வாறே ஜனங்களின் நலத்தை அறிய அவர்கள் வாழும் இடத்தையும் செய்யும் தொழிலையும் சேர்த்து ஆராய வேண்டும். ஆராயாமல் திட்டம் போடுவது, நாடி பிடித்துப் பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். நோயையும் அதன் மூலத்தையும் தணிக்கும் வழியையும் முறையே நாடவேண்டுமென்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த விதியைத்தான் கெடிஸ் இஞ்சினீயர்களுக்கு வகுத்தார் என்று சொல்லலாம்.

இத்தகைய பெரியாரைச் சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த பென்ட்லண்ட் பிரபு இந்தியாவுக்கு அழைத்தார். 1914-ஆம் வருஷம் கெடிஸ் புறப்பட்டார். பல வருஷங்களாகச் சேகரித்த நகரப் படங்கள், வரைபடங்கள் அடங்கிய அவருடைய கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் வந்தன. உலக யுத்தம் மூண்டிருந்த சமயம். செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையின்மேல் குண்டு வீசி, தமிழ் மொழிக்கே ஒரு புதுச்சொல்லைத் தந்துவிட்டுப் போன அதே எம்டன் கப்பல், அக்டோபர் மாதத்தில் கிளான் கிராண்டைக் கடலில் மூழ்கடித்தது. கெடிஸின் வாழ்நாட் சேகரம் கடலடியில் சேர்ந்தது. வேறு ஒருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அவரோ நண்பர்களுக்கு எழுதிப் புதிய படங்களைத் தருவித்து, 1915-ஆம் வருஷத் தொடக்கத்திலேயே சென்னைச் சர்வகலாசாலை மண்டபத்தில் கண்காட்சியைத் திறக்கச் செய்தார்.

அக்காலத்தில் நமது நகரங்களின் சுகாதாரம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1896-ஆம் வருஷம் பம்பாயில் பிளேக் தோன்றிப் பல லட்சம் உயிர்களைக் கொண்டது. 1898-இல் அங்கே நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. நெருக்கமே நோய்க்குக் காரணம்; ஆகையால் நெருக்கமான பகுதிகளை இடித்து நேர்வீதி வெட்டுவதே பரிகாரம் என்பது உத்தியோகஸ்தர்களின் முடிவு. வீதி அகன்றது, வீடிழந்த ஏழைகளோ அடுத்த சந்திற் போய் அடைந்தனர். அங்கே முன்னிருந்த நெருக்கம் இரட்டித்தது. நோய் ஓர் இடத்தில் அழிந்து மற்றோர் இடத்தில் வளர்ந்தது. இடிப்பதற்கு வந்த பணத்தில் கட்டுவதற்கு மிஞ்சியது சொற்பமே.

இம்முறையின் குற்றத்தைக் கெடிஸ் தஞ்சாவூரில் வெளிப்படையாக எடுத்துக் காட்டினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் பழைய மனைகளின் ஊடே நேர்கோடுகளாக வீதிகள் வெட்ட ஒரு திட்டம் தயாராயிருந்தது. அவர் அப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். ஒவ்வொரு வீட்டையும் பார்த்தார். எது இடிந்து பாழாய் நிற்கிறது, எது பழுது பார்த்தால் நிலைக்கும், எங்கே காலி மனை இருக்கிறது, எங்கே கிணறும் மரமும் இருக்கின்றன என்று குறித்தார். பிறகு அவர் வரைந்த திட்டத்தில் நீண்ட நேர்வீதி இல்லை. பாழான சில வீடுகளை மட்டும் அகற்றிச் சிறு சதுக்கங்கள் திறக்கப்பட்டன, அச்சதுக்கங்களில் மரம் நிழல் தரும், குழந்தைகள் விளையாடும், அடைபட்ட சந்துகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். செலவோ, முந்தின திட்டத்தின் செலவில் ஒரு சிறு பகுதியே. கைகால்களை வெட்டுவதை விட்டு, கெட்ட தசையை மட்டும் நீக்கி உயிரைக் காக்கும் ரண வைத்தியம் என்று இம்முறை பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் நகர அமைப்புச் சாஸ்திரம் பயிலும் மாணவர்கள் தஞ்சைக் கோட்டையின் அப்படத்தைப் பாடமாகப் படிக்கின்றனர். தஞ்சையில் எத்தனை பேர் அதை அறிவர்?

நமது திருக்குளங்களின் விஷயத்திலும் அவர் வழக்காடினார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி இருப்பதை 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்த பின், குளங்களையெல்லாம் தூர்த்துவிட வேண்டுமென்ற அபிப்பிராயம் சுகாதார உத்தியோகஸ்தர்களிடையே வலுத்தது. கொசுப் புழுக்களைத் தின்ன மீன்களும் வாத்துகளும் இருக்கும்போது குளத்தை அழிப்பானேன் என்று கெடிஸ் வினவினார். குளம் வெயிலின் கொடுமையைத் தணிக்கிறது, மழைநீரை ஏந்துகிறது, கிணறுகளுக்கு ஊற்றளிக்கிறது. அதனைத் தூர்வாரிச் சுத்தமாக வைத்திருப்பதே பரிகாரம் என்பது அவர் முடிவு. வீட்டு முற்றத்தில் துளசி மாடம் வைத்து நாள்தோறும் பெருக்கி மெழுகும் வழக்கத்திலும், தேர் ஓடுவதற்காக அகலமாக விடப்பட்ட ரத வீதிகளிலும் ஓர் உயர்ந்த நகர தர்மத்தை அவர் கண்டார். கோயில் நகரங்களைப் பற்றி 1919-இல் கட்டுரையும் எழுதினார். தங்கள் ஊரைப் பற்றிக் கூசி நின்ற நம் படித்த வகுப்பாருக்கு, அவ்வூரின் பெருமையை ஓர் ஸ்காட்லாந்துக்காரர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

1917-ஆம் வருஷம் அவருக்குப் பெருந்துயரம் நேர்ந்தது. ஏப்ரலில் மூத்த மகன் அலாஸ்டேர் பிரான்ஸ் யுத்தகளத்தில் மாண்டான். மனைவி அன்னா அப்போது இந்தியாவில் விஷக்காய்ச்சலால் படுக்கையிலிருந்தார். மகன் இறந்த செய்தியை அவரிடம் சொல்லக் கெடிஸுக்கு நா எழவில்லை. அதை அறியாமலே அந்த அம்மையார் ஜூன் மாதத்தில் கண்மூடினார். ஊரின் நோயைத் தீர்க்கக் கணவனோடு வந்தவரை நோயே கொண்டுபோயிற்று. கெடிஸ் தமது வேலையை விடவில்லை.

அதன் பின்னர் அவர் இந்தூர் சமஸ்தானத்தில் செய்தது ஒரு கதை போன்றது. நகரில் பிளேக் பயம் நிறைந்திருந்தது. தடியைக் காட்டி ஜனங்களைச் சுத்தம் செய்யச் சொன்னால் செய்யார் என்பதை உணர்ந்த அவர், மன்னரின் அநுமதி பெற்றுத் தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் ஏற்பாடு செய்தார். வழக்கமான வீதியில் ஊர்வலம் போகாது. எந்த வீதியார் தங்கள் வீடுகளைப் பழுதுபார்த்துக் குப்பையை அதிகமாக அகற்றுகிறார்களோ அவ்வீதி வழியே போகும் என்று பறையறைவித்தார். ஊர் முழுதும் போட்டி மூண்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. எலிகள் பிடிபட்டன. ஊர்வலத்தன்று அழுக்கு அரக்கனுடைய உருவமும், பிளேக் எலியின் உருவமும் முன் சென்றன. வெள்ளை உடுத்து மாலை சூடிய தோட்டித் தொழிலாளர்கள் பெருமிதத்துடன் பின் சென்றனர். முடிவில் அரக்கனையும் எலியையும் தீயிலிட்டனர். வீடுதோறும் வைக்கத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. யாருடைய நிழல் பட்டாலும் தீட்டு என்று ஒதுக்கப்பட்டதோ, அவர்களே ஊரின் மெய்யான வைத்தியர்கள் என்பதை ஊரார் கண்முன்னே நாட்டிய அந்த ஒரு காட்சி, நூறு பிரசங்கங்களுக்கு ஈடாகும். 1918-இல் இந்தூரைப் பற்றிய அவருடைய அறிக்கை இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

1919-இல் பம்பாய்ச் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரப் பேராசிரியரானார். 1920-இல் ஜகதீச சந்திர போஸின் ஜீவிய சரித்திரத்தை வெளியிட்டார். அதே வருஷம் சென்னை ராஜதானியில் நகர அமைப்புச் சட்டம் நிறைவேறியது. அவரும் அவருடன் உழைத்த லான்செஸ்டர் என்பவரும் எழுப்பிய விழிப்பு அதற்குத் துணை செய்தது. அச்சட்டம் அரை நூற்றாண்டு நின்று, 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கு இடங்கொடுத்தது. சுமார் 50 இந்திய நகரங்களைப் பற்றி எழுதிவிட்டு, 1924-இல் கெடிஸ் உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டார். 1925-இல் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். பிரான்ஸில் மோன்பெலியே நகரில் ஒரு கலாசாலையை நிறுவி அங்கேயே வாழ்ந்து, 1932-ஆம் வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி காலமானார். அவருடைய இந்திய அறிக்கைகளின் பகுதிகள் தொகுக்கப்பெற்று 1947-ஆம் வருஷம் லண்டனில் புத்தகமாக வெளிவந்தன. நாம் விடுதலை பெற்ற வருஷமும் அதுவே.

அவரிடம் குறை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய எழுத்து பல இடங்களில் சிக்கலானது. நகரசபை அங்கத்தினர் படித்துப் பயன்கொள்ள எளிதன்று. பாதாளச் சாக்கடைக்கு ஆகும் பெருஞ்செலவை எதிர்த்து, கழிவைத் தோட்ட உரமாக்கும் முறையையே அவர் பெரிதும் நம்பினார். நெருங்கிப் பெருகிவிட்ட இன்றைய நகரங்களுக்கு அது மட்டும் போதாது. பழைய வீதிகளின் அழகைக் கண்டு உருகியவர், அவ்வீதிகளிலிருந்து சிலரை ஊர்க்கோடிக்குத் தள்ளி வைத்திருந்த அநீதியைப் போதிய அளவு கண்டிக்கவில்லை. அந்நிய சர்க்காரையும் சமஸ்தானாதிபதிகளையும் நம்பி எழுதிய அறிக்கைகளுள் பெரும்பாலானவை அலமாரிகளில் உறங்கின. ஜனங்கள் கையில் அதிகாரம் இல்லாத இடத்தில் நல்ல யோசனையும் காகிதமாகவே நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அதனால்தான் இன்று நம்முடைய பொறுப்பு அதிகமாகிறது. அதிகாரம் இப்போது நம் கையில் இருக்கிறது. திருத்தணிகை எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்னும் வழக்குக்காக ம.பொ.சி. முதலிய தொண்டர்கள் வடக்கெல்லையில் போராடிச் சிறை சென்றனர். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி இவ்வூர் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. ஊர் யாருடையது என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. ஊரில் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியோ ஒவ்வொரு தலைமுறையும் விடையளிக்க வேண்டியது. அதற்குச் சிறை செல்ல வேண்டியதில்லை. சந்துகளில் நடந்தால் போதும். இரண்டாவது காரியத்துக்குத்தான் நம்மில் ஆள் குறைவு.

கெடிஸின் கண்கொண்டு நமது ஊரைப் பார்ப்போம். மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாட்களைக் குறிப்பன என்று கூறி, டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படிதோறும் பூஜை நடத்துகிறோம். நம் முன்னோர் தெய்வ தரிசனத்தையும் தேகப் பயிற்சியையும் ஒரே பாதையில் வைத்தனர். இன்று மலையுச்சிக்கு மோட்டார் வண்டி போகிறது. முதியோருக்கும் நோயாளிக்கும் அது வேண்டியதே. திடகாத்திரமுள்ள வாலிபரும் அதிலேயே ஏறினால், அருணகிரியார் அஞ்சிய நீரிழிவு அவர்களை நாடி வருவதில் வியப்பென்ன? நடக்கத்தக்க வீதி இல்லாத ஊரில் ஜனங்கள் நடக்கமாட்டார்கள். நடைபாதையைக் கடையும் வண்டியும் பிடித்துக்கொண்டால், அதன் விலையை வைத்தியசாலையில் கொடுக்கிறோம்.

சரவணப் பொய்கையும் நந்தியாறும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. நீர்நிலை குறைந்து, மரம் குறைந்து, காங்கிரீட்டுத் தளம் மிகுந்த ஊர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் கக்கும். உறக்கமின்மையும் வெயில் நோயும் முதலில் தாக்குவது தகரக் கூரையின்கீழ் வாழும் ஏழையையே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பெருங்குளத்தைத் தேடுவதில்லை. வீட்டோரத்தில் கிடக்கும் பழைய டயரிலும் தேங்காய் ஓட்டிலும் மூடாத தொட்டியிலும் முட்டையிடுகிறது. குளத்தைக் குற்றஞ்சொல்லிக் கொல்லையை மறப்பது நீதியாகாது. சுவரோடு சுவர் ஒட்டி, சாளரமின்றி எழும் வீடுகளில் க்ஷயரோகக் கிருமி நெடுநேரம் தங்கும். வெயிலும் காற்றும் புகும் அறையில் அது நிலைக்காது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் பெருங்கூட்டத்துக்கு நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் போதுமா என்பதைத் திருவிழாவுக்கு முந்தின வாரத்தில் அல்ல, வீதியை வகுக்கும்போதே யோசிக்க வேண்டும்.

சட்டம் பயின்றவன் சாட்சியமின்றித் தீர்ப்பு எழுதலாகாது என்று அறிவான். நகரசபையும் அவ்விதமே நடக்க வேண்டும். நாம் கேட்பது பெரியதொன்றுமல்ல. ஒரு வீதியை அகலப்படுத்துமுன், ஒரு குளக்கரையைக் குறுக்குமுன், அங்கத்தினர்கள் அதிகாலையில் அவ்விடத்தில் ஒருமுறை நடந்து, குடியிருப்போரைக் கேட்டு, கிணறு எது, மரம் எது, பாழ்மனை எது என்று படத்தில் குறித்த பின் தீர்மானம் செய்யட்டும். தேசத்தொண்டர்கள் வட்டத்துக்கு ஒருவராக அப்படத்தை எழுதிக் கொடுக்க முன்வரட்டும். குப்பையை அள்ளும் கைகளுக்கு மாலையோடு நிற்காமல் நியாயமான கூலியும் கையுறையும் கொடுக்கட்டும்.

முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் இவ்வூருக்குத் தணிகை என்று பெயர் வந்ததென்பர். நோயும் வெப்பமும் இங்கே தணிய வேண்டும். அதற்கு ஆண்டவன் அருள் உண்டு. நம்முடைய துடைப்பமும் படமும் இரண்டு கால்களும்தான் இன்னும் வந்து சேரவில்லை.